மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? டென்னிஸ் சர்வ் பற்றி வாசகர் கேள்விகள்

சர்வின், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடியின், வேகத்தைக் கூட்டுவது பற்றி நிறைய கடிதங்கள். ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்திருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம். எல்லாம் வலக்கை ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதியவை. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

டி.வி.யில் 200, 220 என்று காட்டுகிறார்கள். என் சர்வின் வேகத்தை ரேடார் இல்லாமல் நானே அளக்க வழி உண்டா? (கோவை வாசகர்)

உண்டு. செல்போன் போதும். அதற்கு முன், டி.வி.யில் தெரியும் எண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் நொடியில் உள்ள உச்ச வேகம் அது. காற்று உடனே அதைத் தின்னத் தொடங்கிவிடும். 200 கி.மீ.யில் கிளம்பிய பந்து எதிர்ப்பக்க சர்வீஸ் பாக்ஸில் (சர்வ் விழவேண்டிய கட்டம்) தரையைத் தொடும்போது ஏறக்குறைய 140 கி.மீ.தான் இருக்கும். தரையில் பட்டு எழும்போது இன்னும் இழக்கும். ஆகவே, நீங்கள் சராசரி வேகத்தைக் கணக்கிட்டுவிட்டு டி.வி. எண்ணோடு ஒப்பிட்டால் மனம் உடைந்துதான் போகும்.

போனை நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, உங்களுக்குப் பின்னால் உள்ள வேலியில், தலைக்கு மேல் உயரத்தில் கட்டுங்கள். பந்தை அடிக்கும் இடமும் அது விழும் இடமும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, ராக்கெட் பந்தைத் தொட்ட பிரேமிலிருந்து பந்து தரையைத் தொட்ட பிரேம் வரை எண்ணுங்கள். 18,660ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிளம்பும் வேகம் கி.மீ.யில் கிடைத்துவிடும். 160 பிரேம் என்றால் சுமார் 117. 132 என்றால் 141. 110 என்றால் 170.

இந்த 18,660 எங்கிருந்து வந்தது? அடிக்கும் இடத்திலிருந்து சர்வீஸ் பாக்ஸின் ஆழமான பகுதி வரை பந்து கடக்கும் தூரம் ஏறத்தாழ 18 மீட்டர். அந்தத் தூரத்தில் கிளம்பும் வேகம் சராசரி வேகத்தைப் போல் 1.2 மடங்கு. இரண்டையும் கி.மீ. கணக்கையும் 240ஐயும் பெருக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவே. பந்து பாக்ஸின் முன்பாதியில் விழுந்தால் இந்தக் கணக்கு செல்லாது. டாப்ஸ்பின் (பந்தின் முன்நோக்கிய சுழற்சி) அதிகம் உள்ள வளைந்த சர்வுக்கும் செல்லாது.

சாதாரண 30 பிரேம் வீடியோ வேண்டாம். ஒரு பிரேம் தவறினாலே 6 சதவீதம் போய்விடும். சத்தத்தை வைத்து அளப்பதும் வேண்டாம். போன் உங்கள் பக்கம் இருந்தால், பந்து விழுந்த சத்தம் திரும்பி வந்து சேரவே 0.05 நொடி ஆகிறது. உங்கள் சர்வ் 10 சதவீதம் மெதுவாகத் தெரியும். ரேடார் துப்பாக்கி கிடைத்தால், பந்து போகும் கோட்டிலேயே நின்று பிடியுங்கள். 20 டிகிரி விலகி நின்றால் 6 சதவீதம் குறைத்துக் காட்டும், 30 டிகிரி விலகினால் 13 சதவீதம். கிளப்பில் யாராவது பக்கவாட்டில் நின்று அளந்து "உன் வேகம் இவ்வளவுதான்" என்றால் கவலைப்பட வேண்டாம்.

பலரும் கேட்டதால் சாதனைகளையும் சொல்லிவிடுகிறோம். ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி. ஏற்றுக்கொண்ட அதிகபட்ச வேகம் 253 கி.மீ.; 2016 டேவிஸ் கோப்பையில் ஜான் இஸ்னர் மெல்போர்னில் அடித்தது. 2012இல் பூசான் போட்டியில் சாம் க்ரோத் அடித்த 263 கி.மீ. சர்வை அந்த அமைப்பு அதிகாரபூர்வ சாதனையாகக் கொள்ளவில்லை.

எனக்கு வயது 16, உயரம் 168 செ.மீ. வேகமாக அடித்தால் எல்லாம் வலையில்தான் போய் விழுகிறது. உயரம் குறைவாக இருப்பதுதான் காரணமா? (திருச்சி மாணவர்)

தம்பி, வேகத்துக்கு உயரம் உதவும்தான். ஆனால் வலையில் விழுவதற்கு அது காரணமே இல்லை. "உயரத்திலிருந்து கீழே குத்து" என்று யாரோ சொல்லித்தந்திருக்க வேண்டும்.

கணக்கைப் பார். பேஸ்லைனிலிருந்து (நீ நின்று அடிக்கும் பின்கோடு) எதிர்ப்பக்க சர்வீஸ் கோடு (சர்வீஸ் பாக்ஸின் பின்எல்லை) 18.29 மீட்டர். வலையிலிருந்து அந்தக் கோடு 6.40 மீட்டர். வலையின் நடு உயரம் 0.914 மீட்டர். வலையின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு ஒரு நேர்கோடு கோட்டில் போய் விழ வேண்டுமானால், அது 2.61 மீட்டர் உயரத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் பந்தை அடிக்கும் உயரம் பொதுவாக அவர் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. உனக்கு அது 2.52 மீட்டர். கால் தரையை விட்டு எழும்பினால் இன்னும் சில செ.மீ. சேரும். அதாவது நேர்கோட்டில் அடித்தால் உன்னால் முடியாது. உன்னை விட ஒரு சாண் உயரமானவனுக்கும் இழுபறிதான். பந்தை உள்ளே இறக்குவது புவியீர்ப்பு. 140 கி.மீ. சர்வ் தரையைத் தொட அரை நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. அந்த நேரத்தில் அது தானாகவே ஒன்றரை மீட்டர் கீழே இறங்கிவிடும்.

ஆகவே 140 கி.மீ.யில் சுழற்சி இல்லாமல் அடிக்கும்போது ராக்கெட்டிலிருந்து பந்து கிளம்ப வேண்டிய சரிவு மூன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் கூட. ஒரு மீட்டருக்கு 6, 7 செ.மீ. இறக்கம், அவ்வளவுதான். கண்ணுக்கு அது கிட்டத்தட்ட மட்டமாகத்தான் தெரியும். 6 டிகிரி சரித்தால் வலை. நீ குத்துவது அநேகமாக அதற்கும் மேலே இருக்கும்.

இன்னொன்றையும் கவனி. 140 கி.மீ.யில் வலையையும் தாண்டி கோட்டுக்குள்ளும் விழக்கூடிய சரிவின் இடைவெளி சுமார் 2 டிகிரி. 180 கி.மீ.யில் அது 1 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. வேகம் கூடக்கூட வாசல் ஒடுங்கும். உயரமானவர்களுக்கு இந்த வாசல் அகலம். இஸ்னர் 208 செ.மீ., கார்லோவிச் 211 செ.மீ. உயரமில்லாதவர்கள் பந்துக்குச் சுழற்சி கொடுத்து வாசலை அகலமாக்கிக்கொள்கிறார்கள். டியேகோ ஷ்வார்ட்ஸ்மன் 170 செ.மீ. உயரத்தோடு 2020இல் உலகின் 8ஆம் இடத்துக்குப் போனார்.

ஒரு பயிற்சி: சர்வீஸ் கோட்டில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு சர்வ் செய். அந்த உயரத்திலிருந்து குத்தவே முடியாது. மேல்நோக்கித்தான் ராக்கெட்டை வீச வேண்டும். 20 பந்து வலையைத் தாண்டிய பிறகு எழுந்து நின்று அதே உணர்வோடு அடி. தலையைக் கடைசி வரை தூக்கியே வைத்திரு. பந்து எங்கே போகிறது என்று பார்க்க முகத்தை முன்னதாகவே தாழ்த்தினால் தோளும் கூடவே சரியும், பந்து வலைக்குத்தான் போகும்.

பயிற்சியாளர் சொன்னதால் கான்டினென்டல் பிடிக்கு மாறினேன். வேகம் இருந்ததும் போய்விட்டது, பந்து இடப்பக்கமாக ஓடுகிறது. பழைய பிடிக்கே திரும்பிவிடலாமா? (மதுரை வாசகர்)

திரும்பாதீர்கள். இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள் என்போம்.

பழகாதவர்கள் எல்லாரும் ராக்கெட்டைத் தோசைத் திருப்பியைப் போலப் பிடிக்கிறார்கள். ராக்கெட்டின் முகம் ஆரம்பத்திலிருந்தே பந்தைப் பார்த்திருக்கும். கையை முன்னால் தள்ளினால் போதும், பந்து நேராகப் போகும். பாதுகாப்பான பிடி. ஆனால் அதற்குக் கூரை உண்டு. சர்வில் ராக்கெட் தலையின் வேகத்தில் பெரும் பங்கு கடைசி நொடியில் மேல்கை தோள்மூட்டில் உட்புறமாகச் சுழல்வதால் வருகிறது. கூடவே முன்கையும் புரளும், மணிக்கட்டும் மடியும். முகம் ஏற்கனவே பந்தைப் பார்த்திருந்தால் சுழல்வதற்கு இடமில்லை. சுழன்றால் பந்து வேறெங்கோ போகும் என்று உடம்புக்குத் தெரியும், அதனால் அது சுழற்சியைத் தானே பூட்டிவிடும்.

கான்டினென்டல் பிடி என்பது அரிவாளைப் பிடிப்பது. ராக்கெட்டின் விளிம்பால் மரக்கிளையை வெட்டப்போவது போல் பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் அடிக்கணு கைப்பிடியின் மேல்புற வலப்பக்கச் சாய்வுப் பட்டையில் உட்காரும். இப்போது ராக்கெட் பந்தை நோக்கி விளிம்பை முன்வைத்து வரும். கடைசி நொடித்துளியில் கை சுழன்று முகம் பந்தைச் சந்திக்கும். அடித்த பிறகும் சுழற்சி நிற்காது: உள்ளங்கை வெளிப்புறம் பார்க்கும், கட்டைவிரல் கீழே காட்டும். அதற்குப் பிறகுதான் ராக்கெட் இடப்பக்கம் இறங்கும்.

உங்கள் பந்து இடப்பக்கம் ஓடுவதற்குக் காரணம், பிடி மாறியது, கை சுழற்சி மாறவில்லை. அரிவாள் பிடியில் கையைச் சுழற்றாமல் தள்ளினால் முகம் இடப்பக்கம் பார்த்தபடியே பந்தை வழித்துவிடும். பாதி வேகம் பந்தைச் சுழற்றுவதில் போய்விடும். நடுவழியில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

மூன்று படிகளில் சரிசெய்யலாம். முதலில் பந்தே வேண்டாம். வேலிக்குப் பக்கவாட்டில் நின்று, கையை உயர்த்தி ராக்கெட்டின் விளிம்பால் வேலியைத் தொடுங்கள். அப்படியே கையைச் சுழற்றி முகத்தை வேலியில் பதியுங்கள். மெதுவாக 20 முறை. அடுத்து, ராக்கெட்டைக் கைப்பிடியில் பிடிக்காமல் அதற்கு மேலே கழுத்துப் பகுதியில் பிடித்து, சர்வீஸ் கோட்டிலிருந்து 20 பந்து. நீளம் குறைவதால் முகத்தின் நிலை கைக்குத் தெளிவாகத் தெரியும். மூன்றாவது, வழக்கமான பிடியில் சர்வீஸ் கோட்டிலிருந்து அரை வேகத்தில். பந்தின் சத்தம் "டப்" என்று தட்டையாகக் கேட்கத் தொடங்கும்போது ஒவ்வொரு நாளும் இரண்டடி பின்னால் நகர்ந்து பேஸ்லைனுக்கு வாருங்கள். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஆட்டங்களில் தோற்பீர்கள். பந்தயம் கட்டாமல் இருந்தால் நல்லது.

பிடியை இறுக்காதீர்கள். முழு இறுக்கம் 10 என்றால் தொடங்கும்போது 3 அல்லது 4 போதும். கைப்பிடியை நெரித்தால் முன்கைத் தசைகள் இறுகி மணிக்கட்டு கட்டையாகிவிடும். இன்னொரு பிழை, ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகும்போது ஓட்டலில் தட்டு ஏந்தி வருபவரைப் போல முகம் வானத்தைப் பார்த்திருப்பது. பழைய பிடியின் மிச்சம் அது. பக்கவாட்டில் வீடியோ எடுத்தால் உடனே தெரியும். முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது ராக்கெட்டின் விளிம்புதான் வானத்தைப் பார்க்க வேண்டும்.

டாஸை (அடிப்பதற்காகப் பந்தை மேலே போடுவது) உயரமாகப் போட்டால் நேரம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். சரியா? (சென்னை வாசகி)

நேரம் கிடைக்கும், துல்லியம் போகும். அடிக்கும் புள்ளிக்கு மேல் 40 செ.மீ. மட்டும் போன பந்து இறங்கி வரும்போது வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஒரு மீட்டர் மேலே போனது 4.4 மீட்டர் வேகத்தில் வரும். அடிக்கத் தோதான 10 செ.மீ. இடைவெளியை முதல் பந்து கடக்க 0.036 நொடி, இரண்டாவது கடக்க 0.023 நொடி. காற்று வீசும் கோர்ட்டில் உயரமான டாஸ் பக்கவாட்டிலும் அலையும். அடிக்கும் புள்ளிக்கு மேல் 30 முதல் 50 செ.மீ. போதும்.

இடம்தான் முக்கியம்: தலைக்குச் சற்று வலப்பக்கம், கோர்ட்டுக்குள் ஒன்று முதல் ஒன்றரை அடி. பந்தை உள்ளங்கையில் வைக்காமல் விரல்நுனிகளில் வைத்து, கண் மட்டம் வரை நேரான கையோடு கொண்டுபோய் விடுங்கள். மணிக்கட்டைச் சுண்டினால் பந்து தலைக்குப் பின்னால் போகும். சோதனை எளிது. இடக்காலுக்கு முன்னால் ஒன்றேகால் அடியில், சற்று வலப்பக்கம் ஒரு ராக்கெட்டைக் கிடத்தி டாஸை மட்டும் போட்டு விழவிடுங்கள். பத்தில் ஏழு முறை ராக்கெட்டின் மேல் விழாவிட்டால் சர்வைத் திருத்துவதில் பயனில்லை, டாஸைத் திருத்துங்கள்.

டாஸ் போட்ட இடக்கையை உடனே கீழே போடுபவர்கள் ஏராளம். அது மேலே இருக்கும்வரைதான் இடத்தோள் உயர்ந்தும் வலத்தோள் தாழ்ந்தும் இருக்கும். கை விழுந்தால் தோள்கள் மட்டமாகி நெஞ்சு முன்னதாகவே வலையைப் பார்த்துவிடும். பிறகு அடிப்பது கை மட்டுமே.

முட்டியை மடக்கிக் குதித்து அடிக்கச் சொல்கிறார்கள். குதித்துப் பார்த்தேன், வேகத்தில் மாற்றமே இல்லை. (தஞ்சாவூர் வாசகர்)

தனியாகக் குதித்திருப்பீர்கள். கால் தள்ளுவது தோளைத் தூக்குவதற்கு. தோள் தூக்கப்படும் அதே நேரத்தில் ராக்கெட் முதுகுக்குப் பின்னால் இறங்க வேண்டும். உடம்பு மேலே, ராக்கெட் கீழே. அந்த இழுவையில்தான் தோளும் நெஞ்சும் ரப்பர் போல நீள்கின்றன. கால் முதலில் நீண்டு முடிந்து, பிறகு சாவகாசமாக ராக்கெட் இறங்கினால் கால் செய்த வேலை காற்றில் கரைந்துவிடும்.

ஸ்லோமோஷனில் இரண்டு பிரேம்களைத் தேடுங்கள்: கால்விரல்கள் தரையை விடும் பிரேம், ராக்கெட் தலை ஆகக் கீழே இருக்கும் பிரேம். இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். கால் மிக முந்தினால், பந்து கையை விட்ட பிறகே முட்டியை மடக்கத் தொடங்குங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆழமாக உட்கார வேண்டியதில்லை, எழ நேரமாகும். குதிப்பது நோக்கமல்ல, தள்ளியதன் விளைவு. இறங்கும்போது இடக்கால் கோர்ட்டுக்குள் வந்தால் தள்ளிய திசை சரி.

பின்கால் முன்காலோடு சேருவதா, பிரிந்தே இருப்பதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வகையிலும் உச்ச வேகத்தில் அடிப்பவர்கள் உண்டு. சேர்ப்பவர்களுக்கு உயரம் சற்றுக் கூடும், சமநிலை தவறவும் வாய்ப்பு கூடும். டாஸ் நிலையாக இல்லாதவர்கள் பிரித்தே நிற்கட்டும்.

எந்த ராக்கெட், எந்த ஸ்ட்ரிங் வாங்கினால் வேகம் கூடும்? (ஈரோடு வாசகர்)

கடைக்காரர் சொல்லும் அளவுக்கு எதுவும் கூட்டாது. சர்வில் பந்து கிட்டத்தட்ட நின்ற நிலையில் அடிபடுகிறது. அதன் வேகம் ராக்கெட்டின் அடிபடும் புள்ளி நகரும் வேகத்தைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. ஸ்ட்ரிங்கை 50 பவுண்டிலிருந்து 47க்குத் தளர்த்தினால் இந்த மடங்கு அசைவதே தெரியாது. ராக்கெட்டை வீசும் வேகம் 10 கி.மீ. கூடினால் பந்தில் 14 கூடும். எதில் உழைக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தலைப்பகுதியில் ஈயப் பட்டை ஒட்டினால் அடி கனமாகும், வீச்சு மெதுவாகும். பலருக்கும் வரவும் செலவும் சரியாகிவிடும். முழு பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை இறுக்கிப் போட்டால் முழங்கை வலிதான் மிஞ்சும். செலவில்லாத யோசனை ஒன்று: சர்வில் பந்து படவேண்டிய இடம் முகத்தின் நடுவுக்குச் சற்று மேலே. அந்தப் பகுதி வேகமாக நகர்கிறது. ஸ்ட்ரிங்கில் படிந்திருக்கும் பந்தின் தூசு, உங்கள் பந்து எங்கே படுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பெங்களூருக்கு மாறிய பிறகு என் சர்வ் நீளமாகப் போகிறது. முன்னேற்றமா? (முன்னாள் சென்னைவாசி)

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு, பந்தை அது குறைவாகவே தடுக்கிறது. கிளம்பும் வேகம் அதேதான். கொஞ்சம் சுழற்சி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கென்று எட்டு வாரப் பயிற்சி சொல்லுங்கள். தினமும் கடைசியில் ஒரு கூடை பந்து அடிக்கிறேன். (சேலம் வாசகர்)

முதல் திருத்தம் அந்தக் "கடைசியில்". களைத்த உடம்பு மெதுவான சர்வைத்தான் பழகும். வேகப் பயிற்சியை அன்றைய ஆட்டத்தின் தொடக்கத்தில், உடம்பு சூடானதும் செய்யுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி.

ஐந்து நிமிடம் கயிறு தாண்டுதல், தோளுக்கு எலாஸ்டிக் பேண்ட், பிறகு எறிதல். பேஸ்லைனில் நின்று டென்னிஸ் பந்தைக் கையால் எதிர்ப்பக்க வேலியைத் தாண்ட எறியுங்கள், 45 டிகிரி மேல்நோக்கி, 10 முறை. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து பழகியவர்களுக்கு சர்வ் சீக்கிரம் வருவதற்குக் காரணம் இதுவே; இரண்டும் ஒரே அசைவு. எறியவே தெரியாதவர்கள் முதல் இரண்டு வாரம் எறிந்தாலே போதும். அதன் பிறகு அரை வேகத்தில் 10 சர்வ்.

இனி முழு வேகம்: ஆறு ஆறாக ஐந்து தொகுதி. சர்வுக்குச் சர்வ் 15 முதல் 20 நொடி, தொகுதிகளுக்கு நடுவே இரண்டு நிமிடம். மொத்தம் 30தான். முதல் மூன்று வாரம் சர்வீஸ் பாக்ஸை மறந்துவிட்டு, பந்து ஒரு முறைகூடத் தரையில் படாமல் எதிர்ப்பக்க வேலியில் மோதுமாறு அடியுங்கள். கோட்டுக்குள் போட வேண்டும் என்ற பயம்தான் பலருடைய கையில் பிரேக். நான்காம் வாரத்திலிருந்து பாக்ஸுக்குள், முழு வேகத்தில் பாதியும் முக்கால் வேகத்தில் பாதியும். ஏழாம் எட்டாம் வாரங்களில் ஒரே பந்து, ஒரே வாய்ப்பு என்று எண்ணி, இடம் சொல்லிவிட்டு அடியுங்கள்.

கோர்ட்டுக்கு வெளியே, வாரத்துக்கு இரண்டு நாள் 2 கிலோ மெடிசின் பாலை இரு கைகளால் தலைக்குப் பின்னாலிருந்து சுவரை நோக்கி எறிவது, எட்டு எட்டாக மூன்று தொகுதி. பக்கவாட்டில் திரும்பி எறிவதும் அதே அளவு. தோளின் பின்தசைகளுக்கு எலாஸ்டிக் பேண்டை வெளிப்புறம் இழுப்பது, 15 முறை, மூன்று தொகுதி. இதைத் தவிர்க்காதீர்கள். வீசிய கையை நிறுத்தும் பிரேக் அந்தத் தசைகள்தாம். பிரேக் பலவீனமாக இருந்தால் உடம்பு வேகத்தை அனுமதிக்காது.

வாரத்துக்கு ஒரு முறை, அதே நாளில், அதே வகைப் பந்தில், பத்து சர்வ் அளந்து நடுவில் உள்ள மதிப்பைக் குறித்துவையுங்கள். மிகச் சிறந்த ஒன்றை மட்டும் எழுதுபவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

வயது 48. வேகமாக சர்வ் செய்த மறுநாள் தோளின் முன்பக்கம் வலிக்கிறது. (புதுச்சேரி வாசகர்)

இரவில் படுக்கும்போதும் வலித்தால், கையைத் தூக்கவே பலமில்லாவிட்டால், இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டைச் சோதியுங்கள்.

ஒன்று, அடிக்கும் நொடியில் மேல்கை காதை ஒட்டி இருக்கிறதா? உயரம் வேண்டி பலர் அப்படித் தூக்குகிறார்கள். தோள்மூட்டுக்குள் தசைநாண் நசுங்கும். நல்ல சர்வில் மேல்கைக்கும் உடம்பின் பக்கத்துக்கும் இடையே 100 முதல் 110 டிகிரிதான் இருக்கும். மீதி உயரம் உடம்பை இடப்பக்கம் சாய்ப்பதால் கிடைக்கிறது. டாஸை இன்னும் சற்று வலப்பக்கம் போட்டால் கை தானாக விலகும்.

இரண்டு, மல்லாந்து படுத்து மேல்கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, முன்கை கால்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று இரு கைகளிலும் பாருங்கள். தோள் தரையை விட்டு எழக்கூடாது. சர்வ் கை 20 டிகிரிக்கு மேல் குறைவாக இறங்கினால் தோளின் பின்பகுதி இறுகியிருக்கிறது. கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து 30 நொடி, மூன்று முறை, ஆடிய பிறகு தினமும். அது தளரும் வரை முழு வேகம் வேண்டாம்.

மகளுக்கு 11 வயது. இப்போதே வேகத்தில் கவனம் செலுத்தலாமா? (நாகர்கோவில், ஒரு தந்தை)

வீசும் வேகத்தில் செலுத்தலாம், எண்ணில் வேண்டாம். பிடியும் டாஸும் சரியாக இருந்தால் ஓங்கி வீசட்டும். வழக்கமான பந்து தோளுக்குக் கனமாக இருந்தால், 25 சதவீதம் மெதுவாகப் போகும் பச்சைப் புள்ளிப் பந்தில் பழகட்டும். முதுகை வளைத்து அடிக்கும் கிக் சர்வை இந்த வயதில் கூடை கூடையாக அடிக்க விடாதீர்கள். வளரும் பிள்ளைகளின் இடுப்பு முதுகெலும்பில் அழுத்த முறிவு வருவதற்கு அது ஒரு வழி. முதுகுவலி இரண்டு வாரம் நீடித்தால் "வளர்ச்சி வலி" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வேகம் தேவையா? ரமேஷ் கிருஷ்ணன் மெதுவான சர்வை வைத்துக்கொண்டுதானே ஜெயித்தார்? (மயிலாடுதுறை வாசகர்)

ஜெயித்தார். 1986 விம்பிள்டன் காலிறுதி, 1981, 1987 அமெரிக்க ஓபன் காலிறுதிகள், 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய முதல்நிலை வீரர் மட்ஸ் விலாண்டர் மீது வெற்றி. சர்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த கைநேர்த்தி உங்களுக்கும் எங்களுக்கும் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஒருவரின் முதல் சர்வ் 60 சதவீதம் உள்ளே விழுகிறது, விழுந்தால் 70 சதவீதம் ஜெயிக்கிறார், இரண்டாவது சர்வில் (முதலாவது தவறினால் கிடைக்கும் மறுவாய்ப்பு) 50 சதவீதம் ஜெயிக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 62 சதவீதம். அவர் இன்னும் ஓங்கி அடித்து, உள்ளே விழுவது 45ஆகக் குறைந்து, விழுந்தால் ஜெயிப்பது 76ஆக உயர்ந்தால்? 61.7. அத்தனை வேகமும் வீண், தோள்வலி மட்டும் கூடுதல். 2025 விம்பிள்டனில் ஜொவானி எம்பெட்ஷி பெரிக்கார் அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே வேகமான சர்வை, 246 கி.மீ.யில், அடித்தார். டெய்லர் ஃபிரிட்ஸ் அதைத் திருப்பி அனுப்பி அந்தப் புள்ளியையும் வென்றார், ஆட்டத்தையும் வென்றார்.

கிளப் ஆட்டக்காரருக்கு எங்கள் பரிந்துரை: முழு வேகத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆட்டத்தில் அதில் 85 சதவீதத்தை அடியுங்கள். முழு வேகம் 120 உள்ளவரின் 85 சதவீதம் 102. அதை 150 ஆக்கியவருக்கு அதே நிதானத்தில் 127 கிடைக்கிறது.

அடிக்கும்போது கத்தினால் வேகம் கூடுமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

சற்றுக் கூடும், ஆய்வுகளும் அப்படித்தான் காட்டியிருக்கின்றன. மூச்சை அடக்கி அடிப்பவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். சத்தமில்லாமல் "ஹா" என்று மூச்சை விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு குரலைச் சேர்ப்பதா என்று முடிவெடுங்கள். சத்தம் எதிராளி அடிக்கும்வரை நீண்டால் இடையூறு என்று நடுவர் புள்ளியை எதிராளிக்குக் கொடுத்துவிட முடியும்.